துடைக்கத் துடைக்க மங்கும் திரை

“தம்பி, டிஸ்ப்ளே போயிருச்சு போல. மாத்த எவ்வளவு ஆகும்?”

கோவில்பட்டியில் கடலை மிட்டாய் போடும் இடத்தில் வேலை பார்க்கும் அக்கா அவர். போன் வாங்கி ஒன்றரை வருடம்தான் ஆகிறது. எடுத்துப் பார்த்தேன். உடைசல் இல்லை, டச் நன்றாக வேலை செய்தது. ஆனால் திரையின் கீழ்ப்பாதியில் எண்ணெய்ப் பிசுக்கு அப்பிக்கிடந்தது. துடைத்தால் இங்கிருந்து அங்கே நகர்ந்ததே தவிர, போகவில்லை.

ஒரு குச்சி நுனியில் தண்ணீர் தொட்டு, விரல் அதிகம் படாத மேல் ஓரத்தில் ஒரு சொட்டு வைத்தேன். சேம்பு இலையில் விழுந்தது போல முத்தாகத் திரண்டு நின்றது. போனைச் சாய்த்ததும் தடம் இல்லாமல் உருண்டது. கீபோர்டு வரும் இடத்தில் இன்னொரு சொட்டு வைத்தேன். அது சப்பையாகப் பரவி அப்படியே ஒட்டிக்கொண்டது.

“டிஸ்ப்ளே நல்லாத்தான் இருக்கு அக்கா. மேல இருந்த கோட்டிங்தான் போயிருச்சு. எத வச்சுத் துடைப்பீங்க?”

“கையெல்லாம் பாகும் எண்ணெயுமா இருக்கும்ல. முந்தானைல துடைப்பேன். போகலைன்னா சானிடைசர். போன வாரம் வீடியோவுல பாத்து பல்லு வெளக்குற பேஸ்ட்டப் போட்டும் தேச்சேன்.”

வாரத்துக்கு இரண்டு மூன்று பேராவது இப்படி வருகிறார்கள். சுத்தமாக வைத்துக்கொள்ள வேண்டும் என்று நினைப்பவர்களின் போனில்தான் கோட்டிங் சீக்கிரம் போகிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

எண்ணெய் ஒட்டாத அந்தப் பூச்சுக்கு ஓலியோபோபிக் கோட்டிங் என்று பெயர். ஐபோன்களில் 2009-இல் வந்த 3ஜிஎஸ் மாடலில்தான் முதலில் வந்தது. இன்று பெரும்பாலான போன்களில் இருக்கிறது. நான்ஸ்டிக் தோசைக்கல்லின் பூச்சுக்குச் சொந்தக்காரப் பொருள்தான். இரண்டிலும் ஃப்ளூரின் இருக்கிறது. இதன் மூலக்கூறுகள் ஒரு முனையால் கண்ணாடியைப் பிடித்துக்கொள்ளும். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் மறுமுனையில் எண்ணெய்க்கோ தண்ணீருக்கோ பிடி கிடைக்காது. பூச்சின் கனம் சில நானோமீட்டர், மிஞ்சினால் சில பத்து நானோமீட்டர். நம் தலைமுடி ஒன்றின் கனம் சாதாரணமாக 50,000 நானோமீட்டருக்கு மேல். இவ்வளவு மெல்லிய ஒன்று விரல் பட்டுப் பட்டே மெதுவாகத் தேயும். அதைத் தடுக்க முடியாது, அவசரப்படுத்தாமல் இருக்கலாம்.

பேஸ்ட் பெரிய பகை. பல்லின் கறையைத் தேய்த்தெடுக்க அதில் கால்சியம் கார்பனேட், சிலிக்கா போன்ற துகள்கள் சேர்க்கிறார்கள். கீறல் மறையும் என்று நம்பித் தேய்த்தால் கீறல் அங்கேயே இருக்கும், பூச்சுதான் வழித்துக்கொண்டு போகும். சமையல் சோடாவும் அப்படியே. முந்தானையின் ஆபத்து வேறு. துணியில் ஒட்டியிருக்கும் மணலில் குவார்ட்ஸ் உண்டு. கடினத்தைச் சொல்லும் மோஸ் அளவில் அது 7; போன் கண்ணாடி 6-ஐ ஒட்டித்தான். பூச்சோடு கண்ணாடியையும் அது கீறும்.

நான் தொழில் பழகிய நாளில், ஸ்டிக்கர் பசையை எடுக்கத் தின்னர் தொட்டு, பளபளப்பாக வேண்டுமென்று ஒருவர் போனை அழுத்தித் தேய்த்துக் கொடுத்தேன். மறுவாரம் அவர் வந்து, “உங்ககிட்ட குடுத்ததுல இருந்து வெரல் வழுக்க மாட்டேங்குது” என்றார். காரணம் எனக்கு அன்று தெரியவில்லை. பின்னால் தெரிந்தபோது அவருடைய முகம்தான் நினைவுக்கு வந்தது.

இப்போது நான் துடைக்கும் விதம் இதுதான். போனை அணைத்து, சார்ஜரைக் கழற்றி, முதலில் தூசியை ஊதிவிடுவேன் அல்லது மெல்லிய பிரஷ்ஷால் தட்டிவிடுவேன். அதன்பிறகுதான் துணி. மூக்குக்கண்ணாடிக் கடையில் கொடுக்கும் மைக்ரோஃபைபர் துணி போதும். அதன் இழைகள் மிக நுண்ணியவை என்பதால் எண்ணெயைத் தள்ளிவிடாமல் தன்னுள் இழுத்துக்கொள்ளும். வாய் ஆவி பட ஊதி, அழுத்தாமல் துடைத்தால் விரல் ரேகை போய்விடும். வெல்லப்பாகு ஒட்டியிருந்தால் சுரண்டக் கூடாது. துணியின் ஒரு மூலையைத் தண்ணீரில் நனைத்து, நன்றாகப் பிழிந்து, அதன்மேல் அரை நிமிடம் வைத்தால் தானே கரையும். தண்ணீரைத் துணியில்தான் தொட வேண்டும், திரையில் தெளிக்கவே கூடாது. தண்ணீர் புகாத போன் என்று விற்றிருந்தாலும் சோப்பு நீர் வேண்டாம். ஓட்டைகளின் வலைக்குள் சோப்பு சுலபமாக இறங்கும்.

கிருமி போக வேண்டுமென்றால்? 70 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் நனைத்த வைப்ஸால் மெதுவாகத் துடைக்கலாம் என்று கொரோனா பரவிய 2020 மார்ச்சில் ஆப்பிள் நிறுவனமே சொன்னது. அதையும் தினசரிப் பழக்கமாக்க நான் சொல்ல மாட்டேன். நோயாளியைப் பார்த்துவிட்டு வந்தால் ஒருமுறை, போதும். கைக்குப் போடும் சானிடைசர் ஜெல் வேறு சமாசாரம். அதில் கிளிசரின் போன்றவை கலந்திருக்கும். ஆல்கஹால் பறந்த பிறகு அவை திரையில் படலமாகத் தங்கும். பிளீச்சிங் நீரும், சன்னல் கண்ணாடி துடைக்கும் ஸ்பிரேயும் கிட்டவே வரக் கூடாது.

போன கோட்டிங்கைத் திரும்பப் பூசச் சின்ன பாட்டில்களில் திரவம் விற்கிறார்கள். ஃபேக்டரியில் போட்ட பூச்சு போல அது நிற்பதில்லை. அக்காவுக்கு நான் பூச்சுள்ள டெம்பர் கிளாஸ் ஒன்றை ஒட்டினேன். இனி தேய்ந்தால் தேய்வது அதுதான், கழற்றி வேறு ஒட்டிக்கொள்ளலாம். தண்ணீர்ச் சொட்டு வைத்துக் காட்டினேன். முத்தாக நின்றது. அக்கா தன் விரலால் அதை ஓரமாக உருட்டிப் பார்த்தார்.

துணி ஒன்றையும் கையில் கொடுத்தேன்.

“இது அழுக்கானா என்ன செய்ய?”

“சோப்பு போட்டு நல்லா அலசி, நெழல்ல காயப் போடுங்க. துணி மெதுவா இருக்க ஊத்துவாங்கள்ல, அத மட்டும் இதுல ஊத்திராதீங்க அக்கா. அந்தப் பிசுக்கு அப்படியே போன்ல ஏறிரும்.”