சாட்சியின் முகம் பார்க்கிறவர்

டீ சூடாக இருக்கிறது, ஆற்றிக் குடித்துக்கொண்டே கேளுங்கள். மதுரையில் கோர்ட் என்றாலே மேலூர் ரோட்டில், உலகனேரியில் 2004 ஜூலையில் வந்த ஹைகோர்ட் கிளையைத்தான் பேசுகிறோம். ஆனால் உசிலம்பட்டிக்காரரின் வரப்புத் தகராறு தொடங்குவது முன்சீப் கோர்ட்டில். டவாலி பேர் சொல்லிக் கூப்பிட, சாட்சி கூண்டேறி நிற்க, எதிரே உட்கார்ந்து கேட்பவர் முன்சீப். மேல்கோர்ட்டுக்குப் போவது பெரும்பாலும் கேஸ் கட்டு மட்டும். சாட்சி தடுமாறியதையும் கண் கலங்கியதையும் நேரில் பார்த்தவர் இவர்தான். சாட்சி நடந்துகொண்ட விதத்தையும் நீதிபதி குறித்து வைக்கலாம் என்று சிவில் நடைமுறைச் சட்டத்தின் 18-ஆம் கட்டளை, 12-ஆம் விதியே சொல்கிறது.

இந்த நாற்காலிக்கு எப்படி வருகிறார்கள்? சட்டம் படித்து, டிஎன்பிஎஸ்சி தேர்வும் நேர்முகமும் தாண்டினால் சிவில் நீதிபதி. பழைய பேரில் முன்சீப். அவரே மாஜிஸ்திரேட்டாக உட்கார்ந்தால் மூன்று வருடம் வரை சிறைத்தண்டனை தரலாம். அப்புறம் சப்-ஜட்ஜ், மாவட்ட நீதிபதி. ஏழு வருடம் வக்கீலாக இருந்தவர் நேரே மாவட்ட நீதிபதித் தேர்வுக்கே போகலாம்.

கீழ்ப்படியில் இருப்பவரால் என்ன முடியும் என்று கேட்பவர்கள் சாத்தான்குளத்தை நினைக்க வேண்டும். 2020 ஜூனில் அங்கே போலீஸ் பிடித்துப்போன ஜெயராஜும் மகன் பென்னிக்ஸும் இறந்தபின், ஹைகோர்ட் கிளை சொல்லி, கோவில்பட்டி மாஜிஸ்திரேட் பாரதிதாசன் அந்த ஸ்டேஷனுக்குள் போனார். போலீசார் ஒத்துழைக்கவில்லை, மரியாதை இல்லாமலும் பேசினார்கள். தலைமைக் காவலர் ரேவதி பயந்து பயந்துதான் வாய் திறந்தார். விடிய விடிய அடித்ததை, லத்தியிலும் மேசையிலும் ரத்தக்கறை இருந்ததைச் சொன்னார். கையெழுத்துப் போடத் தயங்கியவரிடம் பொறுமையாகப் பேசித்தான் வாங்க வேண்டியிருந்தது. அந்த அறிக்கை போனதும் ஸ்டேஷனே வருவாய்த் துறை வசம் வந்தது. அதே இருவரை ரிமாண்டுக்கு அனுப்பும்போது காயங்களைச் சரியாகப் பார்க்கவில்லை என்ற குற்றச்சாட்டு வேறொரு மாஜிஸ்திரேட் மீது எழுந்தது. பதவி ஒன்றுதான்.

ஆளைப் பார்த்து எடைபோடும் பழக்கம் புத்தகத்தில் வராது. அதனால் சிவில் நீதிபதித் தேர்வு எழுத மூன்று வருட வக்கீல் தொழில் வேண்டும் என்று 2025 மே மாதம் சுப்ரீம் கோர்ட் சொன்னதை நான் சரி என்றே நினைக்கிறேன். ஆனாலும் ஒரு முகம் உறுத்துகிறது. ஜவ்வாது மலைப் பழங்குடிப் பெண் ஸ்ரீபதி, குழந்தை பெற்ற கையோடு பரீட்சை எழுதி, 23 வயதில் சிவில் நீதிபதியாகத் தேர்வானார். இனி அப்படி வரும் பெண் மூன்று வருடம் ஜூனியராக எங்கே தங்குவாள், எதைச் சாப்பிடுவாள்? சென்னை, மதுரை, கோவையில் ஜூனியர்களுக்கு மாதம் 20,000 ரூபாயாவது கொடுக்க வேண்டும் என்று 2024-இல் ஹைகோர்ட் சொல்லியிருக்கிறது. மதுரை சீனியர்கள் மாதம் பிறந்ததும் அதை எண்ணிக் கொடுக்க வேண்டும்.