கிளினிக் கொப்பியையும் கொண்டு போங்கள்

சத்திரசிகிச்சைக்காக வாட்டில் சேரும்போது "வேறு என்ன மருந்து எடுக்கிறீர்கள்?" என்று கேட்பார்கள். சீனி, பிரஷர் மாத்திரைகளை எங்கள் பெண்கள் உடனே சொல்லிவிடுவார்கள். மனசுக்கு எடுக்கும் மாத்திரையை மட்டும் விழுங்கிவிடுவார்கள். பக்கத்துக் கட்டிலில் நம் தோட்டத்து ஆள் இருந்தால் மாலைக்குள் லயம் முழுக்கத் தெரிந்துவிடுமே என்ற பயம். பயம் நியாயமானதுதான். அதனால் சத்தமாய்ச் சொல்ல வேண்டியதில்லை சகோதரிகளே, கொப்பியை நீட்டினால் போதும்.

என் மதினியின் குடும்பம் 1977 கலவரத்தோடு ஹட்டன் பக்கமிருந்து கிளிநொச்சிக்குப் போய்க் குடியேறியது. 2009இல் யுத்தம் முடிந்து, முகாமிலும் இருந்துவிட்டு, மகனை இழந்தவராக எங்கள் தோட்டத்துக்கே திரும்பி வந்தார். சில வருடங்களாக லித்தியம் எடுக்கிறார். பித்தப்பைக் கல்லுக்கு ஆபரேஷன் என்றதும் துணைக்குப் போனது நான். மதினிக்குச் சிங்களம் வராது, எனக்கும் அரைகுறை. மனநலக் கிளினிக் கொப்பியை மயக்க மருந்து கொடுக்கும் டொக்டரிடம் கொடுத்தேன். ஆங்கிலத்தில் எழுதியிருந்த அதுவே எங்களுக்காகப் பேசியது.

அவர் முதலில் சிறுநீரகத்துக்கும் உப்புக்கும் இரத்தம் எடுக்கச் சொன்னார். லித்தியம் ஒருவகை உப்பு, சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேறும். தண்ணீரில்லாமல் உடம்பு வற்றினாலும், வலிக்குக் கொடுக்கும் டைக்ளோபெனாக் போன்ற மருந்து சேர்ந்தாலும் இரத்தத்தில் அதன் அளவு கூடி நஞ்சாகிவிடும். கை நடுக்கம், வாந்தி, தள்ளாட்டம், குழப்பம் என்று வரும். ஆகவே முதல் நாளே லித்தியத்தை நிறுத்தி, வலிக்குப் பரசிட்டமோல் எழுதினார். மதினி நன்றாகத் தண்ணீர் குடிக்கத் தொடங்கி, இரத்த ரிப்போர்ட்டும் சரியான பிறகே திரும்பக் கொடுத்தார்கள்.

எல்லா மாத்திரையும் இப்படியல்ல. மனச்சோர்வுக்கான மாத்திரைகளைத் திடீரென்று விட்டால் தலைச்சுற்றும் பதற்றமும் வரும். அநேகமாக ஆபரேஷன் அன்று காலையிலும் ஒரு வாய்த் தண்ணீரோடு எடுக்கச் சொல்வார்கள். குளோசபின் எடுப்பவர்கள் 48 மணித்தியாலத்துக்கு மேல் விட்டுவிட்டால் பழைய அளவை அப்படியே எடுக்கவே கூடாது. 12.5 மில்லிகிராமிலிருந்து டொக்டர்தான் மறுபடி ஏற்ற வேண்டும். எதை நிறுத்துவது, எதைத் தொடர்வது என்பது நாமோ வீட்டாரோ தீர்மானிக்கும் காரியமல்ல.

அடுத்த கட்டிலில் இருந்த அம்மாவின் மாத்திரைப் பையை, வெட்கப்பட்டு, வீட்டாரே திருப்பிக் கொண்டுபோய்விட்டார்கள். மூன்றாம் இரவு ஷெல் விழுகிறது என்று கட்டிலுக்கடியில் ஒளிந்தார். மயக்க மருந்தின் குழப்பம் என்றே வாட்டில் நினைத்தார்கள். மறுநாள் மகள் வந்து மாத்திரையின் பெயரைச் சொன்ன பிறகுதான் மனநல வைத்தியருக்கு ஆளனுப்பினார்கள்.

துண்டு வெட்டும்போது தரும் கார்டில் மனநல மாத்திரைகளும் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். மதினியின் கார்டில் இருக்கவில்லை. பஸ் ஏறுமுன் திரும்பிப்போய் எழுதுவித்துக்கொண்டு வந்தோம்.