உள்ளி மணத்தை மட்டும் நம்பாதீர்கள்

ஏப்ரல், மே மாதங்களில் கோப்பன்ஹேகனைச் சுற்றியுள்ள காடுகளில் உள்ளி மணம் வீசும். டேனிஷ் மக்கள் ‘ராம்ஸ்லொய்’ என்னும் காட்டு உள்ளி அது. காசில்லாக் கீரை, தேங்காய்ப்பூ சேர்த்து வறை செய்யலாம்.

ஆனால் அதே நிழலில், அதே தோற்றத்தில் ‘லில்யெகொன்வல்’ இலையும் முளைக்கிறது. அதன் நஞ்சு இதயத்துடிப்பைக் குலைக்கும். ஓரிலை பறித்ததும் விரலெல்லாம் உள்ளி மணக்கும். ஆகவே மூக்கை நம்பாமல் காம்பைப் பாருங்கள். காட்டு உள்ளியில் ஒவ்வோர் இலைக்கும் தனிக்காம்பு. மற்றதில் ஒரே தண்டில் இரண்டு, மூன்று இலைகள்.

ஐயமிருந்தால் பறிக்கவேண்டாம். நாற்று வாங்கிப் பல்கனி நிழலில் சாடியில் நட்டால் ஆண்டுதோறும் தழைக்கும். தவறி உண்டுவிட்டால், வாந்தி வரட்டும் என்று காத்திராமல் நச்சுத் தகவல் நிலையத்தை 82 12 12 12 இல் அழையுங்கள், மயக்கமென்றால் 112.