மண்டபக் கரை வழியே சென்ற ஒரு குடும்பத்தின் பிள்ளைகள்

இராமநாதபுரத்திலிருந்து இராமேசுவரம் நோக்கிச் செல்லும் இருப்புப்பாதையில், பாம்பன் பாலத்தை அடைவதற்குச் சற்று முன்பாக வரும் மண்டபம் முகாம், இன்று கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தைக் கொண்டும் இலங்கை அகதிகளின் குடியிருப்பைக் கொண்டும் அறியப்படுகிறது. பிரிட்டிஷ் ஆட்சிக் காலத்தில் அங்கே இலங்கை அரசாங்கம் ஒரு தொற்றுத் தடுப்பு முகாமை நடத்திவந்தது. திருச்சி, புதுக்கோட்டை, சேலம், மதுரை, இராமநாதபுரம் முதலிய சீமைகளிலிருந்து தேயிலைத் தோட்ட வேலைக்காகக் கங்காணிகளின் பின்னே கூட்டம் கூட்டமாகப் புறப்பட்டு வந்த ஜனங்கள், அம்முகாமில் சில தினங்கள் நிறுத்திவைக்கப்பட்டு, அம்மை குத்தப்பட்டு, காலராவும் பிளேக்கும் தம்மிடம் இல்லையென்று வைத்தியர்கள் சொன்ன பிற்பாடுதான், தனுஷ்கோடிக்கு ரயிலேறி, அங்கிருந்து நீராவிக் கப்பலில் தலைமன்னாரை அடைந்தார்கள். 1914 ஆம் ஆண்டில் பாம்பன் பாலம் திறக்கப்பட்டு, போட் மெயில் என்று நம் பெரியவர்கள் இன்றும் வாஞ்சையோடு நினைவுகூரும் ரயிலும் கப்பலும் இணைந்த அந்தப் பிரயாணம் தொடங்கியபோது, சீமான்கள் மெத்தையிட்ட வகுப்பிலும் கூலி மக்கள் நெரிசலான பெட்டிகளிலுமாக ஒரே கடலைத்தான் கடந்தார்கள்.

இத்தகைய ஜனங்களில் ஒருவராக, 1920 ஆம் ஆண்டில், பெரியசாமி சின்னசாமி என்ற தமிழர் இலங்கையின் மத்திய மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்துக்கு வேலை தேடிச் சென்றார். அவருடைய பேரன்தான், டெஸ்ட் கிரிக்கெட்டில் 800 விக்கெட்டுகளை வீழ்த்தி, இதுவரை வேறு எந்தப் பந்துவீச்சாளராலும் எட்டப்படாத சிகரத்தில் நிற்கும் முத்தையா முரளிதரன்.

முரளிதரனைப் பற்றி எழுத முற்படும்போது அமெரிக்கக் கூடைப்பந்து வீரர் கரீம் அப்துல் ஜபாரின் நினைவு எனக்கு வருவதற்குக் காரணம் உண்டு. 1947 இல் நியூயார்க்கில் கத்தோலிக்கக் குடும்பத்தில் லூ அல்சிண்டர் என்ற பெயரோடு பிறந்த அவர், 1964 ஆம் ஆண்டுக் கோடையில், பள்ளி மாணவராக இருந்தபோதே, ஹார்லெம் பகுதியில் இளைஞர்களுக்கான ஒரு பத்திரிகைப் பயிற்சியில் சேர்ந்து, மார்ட்டின் லூதர் கிங்கின் நிருபர் கூட்டத்துக்குச் சென்று வந்தார். அதே கோடையில் ஹார்லெம் தெருக்களில் மூண்ட கலவரத்தையும் கண்டார். 1968 இல் இஸ்லாத்தைத் தழுவினார். தம் குலத்துக்கு வந்து சேர்ந்திருந்த பெயர், தம் முன்னோர்களை அடிமைகளாக வைத்திருந்த ஒரு தோட்ட முதலாளியின் பெயர் என்று அறிந்து, 1971 இல் அதை யாவரும் அறியத் துறந்தார். 38,387 புள்ளிகள் எடுத்து அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்தில் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் முறியடிக்கப்படாத சாதனையைப் படைத்த அந்த மனிதர், மைதானத்தை விட்டு விலகிய பின்னர் தம் இனத்தின் சரித்திரத்தைப் பற்றிப் புத்தகங்கள் எழுதுவதைத் தம் இரண்டாவது வாழ்க்கையாகவே ஆக்கிக்கொண்டார். இரண்டாம் உலக யுத்தத்தில் போரிட்டும் நெடுங்காலம் உரிய கௌரவம் பெறாத கறுப்பின டாங்கிப் படையினரைப் பற்றி அவர் எழுதிய நூல் ஒன்றே, ஓர் ஆட்டக்காரரின் சிந்தனை எவ்வளவு தூரம் செல்லக்கூடும் என்பதற்குச் சாட்சியாகும்.

முரளிதரன் அப்படிப்பட்ட எழுத்தாளர் அல்லர். அவர் பேசியவை சொற்பம். ஆனால் விளையாட்டு, சமய விசுவாசம், ஒடுக்கப்பட்ட மக்களின் சரித்திரம் ஆகிய மூன்றும் அவருடைய வாழ்விலும் பிரிக்க முடியாதவாறு பின்னிக்கிடக்கின்றன. அவற்றுள் சரித்திரம் என்கிற இழையை, அது நம்முடைய கரையிலிருந்தே புறப்பட்டதாயிருந்தும், நாம் கவனிக்கத் தவறிவிட்டோம் என்பதே என் மனத்தை உறுத்துவது.

ரயிலும் கப்பலும் வருவதற்கு முன்பே, 1820 களில் தொடங்கி, கோப்பித் தோட்டங்களுக்காகக் கடல் கடந்தவர்கள், தோணிகளில் மன்னார்க் கரையில் இறங்கி, அங்கிருந்து காடுகளின் ஊடே மாத்தளை வரையில் கால்நடையாகவே சென்றார்கள். மலேரியாவாலும் காலராவாலும் பசியாலும் வழியிலேயே மாண்டு, பெயர் தெரியாமல் பாதையோரத்தில் புதைந்தவர்கள் அநேகர். 1869 இல் கோப்பிச் செடியில் இலைத்துரு நோய் கண்டு, அந்தப் பயிரே சில ஆண்டுகளில் அழிந்துபோக, அதன் இடத்தைத் தேயிலை பிடித்தது. கோப்பிக்கு அறுவடைக் காலத்தில் மட்டுமே மிகுந்த ஆட்கள் தேவைப்பட்டார்கள். கொழுந்து பறிப்பதோ வருஷம் முழுவதும் நடக்க வேண்டிய வேலையாதலால், வந்தவர்கள் திரும்பிப் போகாமல் குடும்பத்தோடு தோட்டத்திலேயே தங்க நேர்ந்தது. பத்தடிக்குப் பன்னிரண்டடி அறைகளை வரிசையாகக் கட்டிய லயங்களில் அவர்கள் குடியேற்றப்பட்டார்கள். பிரயாணச் செலவே முதற்கடனாக அவர்கள் தலையில் ஏற்றப்பட்டது. ஒரு தோட்டத்தை விட்டு இன்னொரு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால் அந்தக் கடன் குறிக்கப்பட்ட துண்டுச் சீட்டும் கூடவே போயிற்று. அட்லாண்டிக் கடலின் அக்கரையில் கரும்புத் தோட்டங்களில் நடந்த அடிமை முறையும் இதுவும் ஒன்றென்று சொல்லிவிட முடியாது. இவர்கள் சட்டப்படி விலைக்கு விற்கப்பட்டவர்கள் அல்லர். ஆயினும், தோட்ட முதலாளியின் கணக்குப் புத்தகத்தில் தன் பாட்டனின் வாழ்வு ஒரு வரியாகச் சுருங்கிக் கிடப்பதைக் காணும் பேரனுக்கு உண்டாகும் துக்கம் இரண்டு சமுத்திரங்களிலும் ஒன்றுதான்.

அந்த மலைநாட்டில் அவர்களைத் தாங்கி நின்றது விசுவாசம். புறப்பட்ட ஊர்களின் மாரியம்மனையும் முனியாண்டியையும் அவர்கள் உடன் கொண்டுபோய், தேயிலைச் சரிவுகளில் குடியேற்றினார்கள். மாசி மாதத்துக் காமன் கூத்தை இரவெல்லாம் ஆடினார்கள். கால்நடைப் பாதை முடியும் மாத்தளையில் இன்று ஓங்கி நிற்கும் முத்துமாரியம்மன் கோயில் அந்த விசுவாசத்தின் உருவம். முரளிதரனின் தந்தை முத்தையா காலத்தில் குடும்பம் தோட்டக் கூலியிலிருந்து மீண்டு, கண்டி நகருக்கு அருகே பிஸ்கட் தயாரிக்கும் தொழிலில் இறங்கியது. சைவக் குடும்பத்துப் பிள்ளையான முரளிதரன், பெனடிக்டின் துறவிகள் ஸ்தாபித்த கண்டிப் புனித அந்தோணியார் கல்லூரியில், சிங்களப் பிள்ளைகளோடும் இஸ்லாமியப் பிள்ளைகளோடும் படித்தார். அதே அந்தோணியாரின் திருவிழாவுக்குத்தான் நம் இராமேசுவரத்து மீனவர்களும் ஆண்டுதோறும் படகேறிக் கச்சத்தீவுக்குச் சென்று, அக்கரைத் தமிழர்களோடு ஒரே பந்தலின் கீழ் ஜெபித்துத் திரும்புகிறார்கள். அக்கல்லூரியில் வேகப்பந்து வீசிக்கொண்டிருந்த பையனை, பதினான்காம் வயதில் சுழற்பந்துக்குத் திருப்பியவர் சுனில் பெர்னாண்டோ என்ற பயிற்சியாளர்.

இதற்கிடையே அவருடைய ஜனங்களின் கதை வேறு விதமாக நடந்தது. 1948 இன் குடியுரிமைச் சட்டம் ஏறக்குறைய ஏழு லட்சம் தோட்டத் தமிழர்களை நாடற்றவர்களாக்கியது. அதற்கெதிராக நெடுங்காலம் போராடிய தோட்டத் தொழிலாளர் தலைவர் சௌமியமூர்த்தி தொண்டமான், பழைய இராமநாதபுரம் ஜில்லாவில் பிறந்தவர். 1964 அக்டோபர் 30 ஆம் நாள் கையெழுத்தான சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம், அந்த மக்களில் 5,25,000 பேரை இந்தியாவும் மூன்று லட்சம் பேரை இலங்கையும் ஏற்பதென்று, அவர்களைக் கேட்காமலே பங்கிட்டது. இரண்டு மாதம் முடிவதற்குள், டிசம்பர் 22 ஆம் நாள் இரவில் எழுந்த புயல் தனுஷ்கோடியை விழுங்கி, அவர்கள் போன வழியையே அழித்துவிட்டது. பிற்பாடு இராமேசுவரத்துக்கும் தலைமன்னாருக்கும் இடையே ஓடிய கப்பலில், தாம் பார்த்தேயிராத தாய்நாட்டுக்குத் தாயகம் திரும்பியோர் என்ற பெயருடன் வந்து இறங்கியவர்களை வரவேற்றதும் இதே மண்டபம்தான். அவர்களில் பலர் நீலகிரிக்குச் சென்று, அரசுத் தோட்டத்தில் மறுபடியும் கொழுந்தே பறித்தார்கள். முரளிதரனின் பாட்டனாரும் மகள்களோடு திருச்சிக்குத் திரும்பினார். மகன்கள் இலங்கையிலேயே தங்கினார்கள்.

தங்கியவர்களுக்கும் நிம்மதி வாய்க்கவில்லை. 1977 ஆம் ஆண்டில் தமிழர்களுக்கெதிராக மூண்ட கலவரத்தில் முரளிதரனின் தந்தை தாக்கப்பட்டார், தொழிற்சாலை தீக்கிரையாயிற்று. அந்த வேளையில் தம்மைக் காப்பாற்றியவர்களும் சிங்களவர்களே என்று முரளிதரன் பிற்காலத்தில் நன்றியோடு கூறியிருக்கிறார். 1992 இல் அவர் இலங்கைக்காக ஆடத் தொடங்கினார். 1995 டிசம்பர் 26 அன்று மெல்போர்ன் மைதானத்தில் நடுவர் டாரல் ஹேர், அவர் பந்தை எறிகிறார் என்று குற்றம் சாட்டி மூன்று ஓவர்களில் ஏழு முறை நோபால் என்று கை நீட்டினார். 1999 இல் அடிலெய்டில் அது மறுபடியும் நிகழ்ந்தபோது, அணித்தலைவர் அர்ஜுன ரணதுங்க, தம் ஆட்டக்காரர்களை எல்லைக்கோடு வரை அழைத்துச் சென்று அந்தத் தமிழ் இளைஞனுக்காக நின்றார். பிறவியிலேயே முழங்கை முழுதும் நிமிராத முரளிதரன், ஆய்வுக்கூடங்களில் பலமுறை பரிசோதனைக்கு உட்பட்டார். கையை அசையாதபடி கவசத்தில் பூட்டிக்கொண்டும் அதே பந்துகளை வீசிக் காட்டினார். 2010 ஜூலை 22 ஆம் நாள் காலி மைதானத்தில், தம் கடைசி டெஸ்டில், பிரக்யான் ஓஜாவை வீழ்த்தி 800 ஐ நிறைவு செய்தார். நாடற்றவர்களாய் எஞ்சியிருந்த தோட்டத் தமிழர்களுக்குப் பிரஜாவுரிமை வழங்கும் சட்டம் 2003 இல் நிறைவேறியபோது, அவர் அந்த நாட்டுக்காகப் பதினோரு ஆண்டுகள் ஆடி முடித்திருந்தார் என்பதை நினைக்கையில் என் நெஞ்சம் கனக்கிறது.

2020 இல் அவருடைய வாழ்க்கை திரைப்படமாவதைத் தமிழ்நாட்டில் பலர் எதிர்த்தார்கள். இலங்கையின் உள்நாட்டு யுத்தம் முடிந்ததைப் பற்றி அவர் கூறிய வார்த்தைகள் உற்றாரை இழந்த ஈழத் தமிழர்களுக்கு ஆறாத வேதனை அளித்தன. அந்த வேதனை நியாயமானது, அதை யாரும் லேசாக எண்ணக்கூடாது. அவர் தம் அறிக்கையில், தாம் மலையகத் தமிழர் என்பதையும், தம் குடும்பம் கலவரங்களில் பட்ட அவதியையும் எடுத்துரைத்து, அப்பாவிகள் கொல்லப்பட்டதைத் தாம் ஒருநாளும் ஆதரித்ததில்லை என்று கூறினார். தம்மை நடிக்கவிருந்த விஜய் சேதுபதியை விலகிக்கொள்ளும்படி அவரே கேட்டுக்கொண்டார். அந்த வாதப் பிரதிவாதங்களில் மலையக மக்களின் இருநூறு ஆண்டுச் சரித்திரத்தைப் பற்றி அதிகம் பேச்செழவில்லை. யாழ்ப்பாணத்தையும் கொழும்பையும் பற்றி மணிக்கணக்கில் தர்க்கம் செய்த நம்மவர்கள், அவர் எந்தப் பாதையில் வந்தவர் என்று கேட்டிருந்தால், தேடல் மண்டபத்தின் வாசலுக்கே வந்திருக்கும்.

2012 முதல் போரில் சிதைந்த வடபுலத்துப் பள்ளிப் பிள்ளைகளும் தென்னிலங்கைப் பிள்ளைகளும் சேர்ந்து ஆடும் பந்தயம் ஒன்று அவர் பெயரால் நடந்தது. 2023 இல் மலையகத் தமிழர்கள், வருகையின் இருநூறாம் ஆண்டை நினைவுகூர்ந்து, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை தம் முன்னோர் நடந்த வழியிலேயே நடந்தார்கள். அந்த நடை தொடங்கிய துறைக்கு எதிர்க்கரையில் வாழும் நம் பள்ளிகளில், மண்டபம் முகாமின் கதை பாடமாகச் சேர்க்கப்பட வேண்டும். தாயகம் திரும்பியவர்களில் இன்னும் உயிரோடிருக்கும் முதியோரின் வாய்மொழி இப்போதே பதிவு செய்யப்பட வேண்டும்.