1 அங்குலம், 17 ஜூவல், 30 மீட்டர்

கேமராவோ கைக்கடிகாரமோ வாங்கப் போகிறவர் மனதில் இருப்பவை எளிய கேள்விகள். கல்யாண மண்டபத்து மங்கல் வெளிச்சத்தில் படம் தெளிவாக விழுமா? கட்டிக்கொண்டே குளிக்கலாமா? கடையில் இதற்கு நேரான பதில் கிடைப்பது அரிது. பெட்டியைத் திருப்பிக் காட்டுகிறார்கள். மெகாபிக்சல், அங்குலம், ஜூவல், மீட்டர் என்று அதில் எல்லாம் எண்கள். பெரிய எண்தான் நல்லது என்று நம்பிப் பணத்தைக் கட்டிவிட்டு வருகிறோம். அந்த எண்கள் பொய்யில்லை. ஆனால் ஒவ்வொன்றும் நாம் கேட்காத வேறொரு கேள்விக்குச் சொன்ன பதில்.

கேமராவில் ஒளியை வாங்கிக்கொள்ளும் சில்லுக்குப் பெயர் சென்சார். சில மாடல்களில் '1 அங்குல சென்சார்' என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கும். 1 அங்குலம் என்றால் 25.4 மி.மீ. ஆனால் அந்தச் சென்சாரின் அகலம் 13.2 மி.மீ., உயரம் 8.8 மி.மீ. மூலைக்கு மூலை அளந்தாலும் 16 மி.மீ. தேறாது. மீதி எங்கே போயிற்று? 1950களின் தொலைக்காட்சிக் கேமராக்களுக்குள் விடிகான் என்ற கண்ணாடிக் குழாய் இருந்தது. குழாயின் வெளிவிட்டம் 1 அங்குலம் என்றால், அதற்குள் படம் விழும் பரப்பின் மூலைவிட்டம் ஏறக்குறைய அதில் மூன்றில் இரண்டு பங்கு. குழாய்கள் எப்போதோ ஒழிந்துவிட்டன. அவற்றின் வெளிவிட்டக் கணக்கு மட்டும் இன்னும் பெட்டிகளில் உட்கார்ந்திருக்கிறது. சிறிய கேமராக்களில் காணும் 1/2.3 அங்குலமும் அதே வம்சம்தான். அதன் உண்மை அளவு 6.17 × 4.55 மி.மீ. பரப்பு சுமார் 28 சதுர மி.மீ. ஃபுல் ஃபிரேம் என்கிற 36 × 24 மி.மீ. சென்சாருக்கு 864.

இந்த வித்தியாசம்தான் இருட்டில் படத்தைத் தீர்மானிக்கிறது. ஒளி துகள் துகளாக வருகிறது, அதுவும் ஒழுங்கில்லாமல். தூறலில் முற்றத்தில் வரிசையாக டம்ளர்களை வைத்தால் ஒன்றில் கூடுதலாகவும் பக்கத்து டம்ளரில் குறைவாகவும் துளி விழும். அண்டாக்களை வைத்தால் அந்த ஏற்றத்தாழ்வு கண்ணுக்குத் தெரியாது. ஒரு பிக்சலில் சராசரியாக 100 துகள் விழுந்தால் 10 துகள் அளவுக்கு, அதாவது 10 சதவீதம் ஏறி இறங்கும். 10,000 விழுந்தால் ஏற்ற இறக்கம் 1 சதவீதம்தான். மங்கல் வெளிச்சப் படத்தில் பொரிப்பொரியாகத் தெரிவதில் பெரும்பகுதி இதுவே. 1/2.3 அங்குலத்தில் 20 மெகாபிக்சலை அடைத்தால் ஒரு பிக்சலின் அகலம் சுமார் 1.2 மைக்ரான். ஃபுல் ஃபிரேமில் 24 மெகாபிக்சல் என்றால் 6 மைக்ரான். பரப்பில் 25 மடங்கு. லென்ஸின் எஃப் எண் ஒன்றாகவே இருந்தாலும் முதல் கேமரா மண்டபத்தில் திணறும். இத்தனைக்கும் 4கே திரை முழுவதையும் நிரப்ப 8.3 மெகாபிக்சல் போதும்! சென்சாரின் நீள அகலத்தை மில்லிமீட்டரில் பெட்டியின் முன்பக்கத்திலேயே அச்சிட வேண்டும் என்று விதி வந்தால், வாங்குபவர்களின் தலைவலி பாதி தீரும் என்பேன்.

கடிகாரத்தில் அப்படியொரு விதி வந்தது. சக்கரங்களின் அச்சுமுனை தேயாமலிருக்கச் செயற்கை மாணிக்கக் கல்லைத் தாங்கியாக வைப்பார்கள். சாவி கொடுக்கும் கடிகாரத்துக்கு 17 கல் நிறைவானது. எச்எம்டி ஜனதாவில் இருந்ததும் 17தான். 1960களில் சில நிறுவனங்கள் எந்த வேலையும் செய்யாத கற்களைப் பதித்து 100 ஜூவல் வரை போயின. 1974-இல் வந்த ஐஎஸ்ஓ 1112, வேலை செய்யும் கற்களை மட்டுமே எண்ணிக்கையில் சேர்க்கலாம் என்று அதற்கு முற்றுப்புள்ளி வைத்தது.

பலரை ஏமாற வைப்பது '30 மீட்டர்'. அதை நம்பி நீச்சல் குளத்தில் இறங்குகிறார்கள். ஆனால் தயாரிப்பாளர்களின் கையேடுகளே பெரும்பாலும் இதற்குக் கைகழுவல், மழைத்தூறல் என்ற அளவோடு நிறுத்திக்கொள்கின்றன. 30 மீட்டர் என்பது 3 பார் அழுத்தம். புதுக் கடிகாரம் ஆய்வுக்கூடத்தில் அசையாமல் சில நிமிடங்கள் தாங்கியது. ஐஎஸ்ஓ 22810 சொல்லும் சோதனைகளில் ஒன்று அழகானது. கடிகாரத்தைச் சூடாக்கி, கண்ணாடியின் மேல் குளிர்ந்த நீர் ஒரு சொட்டு விடுவார்கள். சற்றுப் பொறுத்துத் துடைத்துப் பார்க்கும்போது உள்பக்கம் ஆவி படிந்திருந்தால் தண்ணீர் புகுந்துவிட்டது என்று அர்த்தம். எல்லாக் கடிகாரங்களையும் இப்படிச் சோதிக்கத் தேவையில்லை, மாதிரிக்குச் சிலவற்றைப் பார்த்தால் போதும். முக்குளிப்பவர்களுக்கான ஐஎஸ்ஓ 6425 அப்படி விடாது. குறைந்தது 100 மீட்டர். குறித்த ஆழத்தைவிட 25 சதவீதம் கூடுதல் அழுத்தத்தில் ஒவ்வொரு கடிகாரமும் தேற வேண்டும்.

நீந்தும்போது கையை வீசுவதால் அழுத்தம் எகிறித் தண்ணீர் புகுகிறது என்று ஒரு விளக்கம் உலவுகிறது. கணக்குப் போட்டால் அது நிற்காது. நொடிக்கு 5 மீட்டர் வேகத்தில் கை வீசினாலும் கூடுவது 0.13 பார், அதாவது ஒன்றேகால் மீட்டர் ஆழம். உண்மையான வில்லன் பின்மூடியையும் திருகையும் சுற்றியிருக்கும் ரப்பர் வளையம், அதாவது கேஸ்கட். வியர்வையும் வெந்நீரும் அதை இறுக்கமிழக்கச் செய்கின்றன. சூட்டில் விரிந்த உள்காற்று ஆறும்போது சுருங்கி வெளியிலிருந்து ஈரத்தை இழுக்கும். சோப்பு நீர் மிகச் சிறிய இடுக்கிலும் நுழையும்.

பேட்டரி மாற்றும் நாள்தான் முக்கியம். பின்மூடியைத் திறந்து பேட்டரியைப் போட்டுப் பழைய வளையத்தோடே அழுத்தி மூடிவிட்டால், அங்கே பொறித்திருக்கும் 30 மீட்டருக்கு எந்த உத்தரவாதமும் இல்லை. புது கேஸ்கட் போடச் சொல்லுங்கள். காற்றழுத்தச் சோதனை இயந்திரம் வைத்திருக்கும் கடையா என்று கேளுங்கள். அதில் கடிகாரம் நனைவதே இல்லை. அறைக்குள் காற்றழுத்தத்தை ஏற்றியதும் கூடு நூலிழையிலும் குறைவாக அமுங்குவதை அது அளக்கும். அமுங்கியது அப்படியே நிற்காமல் மெல்லப் பழைய நிலைக்குத் திரும்பினால், எங்கோ காற்று உள்ளே புகுகிறது.