மீரியபெத்த மலைச்சரிவும் நம் கல்வியும்

2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆம் நாள் காலை ஏழரை மணியளவில், பதுளை மாவட்டத்துக் கொஸ்லந்தைக்கு அண்மையிலுள்ள மீரியபெத்த தோட்டத்தின் மீது மலை சரிந்தது. லயங்களும் கோவிலும் சில கணப்பொழுதில் மண்ணுள் மறைந்தன. அதற்குமுன் பள்ளிக்குப் புறப்பட்டுவிட்ட பிள்ளைகள் உயிர் தப்பினர். அவர்களிற் சிலருக்கு அன்று மாலை திரும்பிச் செல்ல வீடும் இல்லை, பெற்றோரும் இல்லை.

இதனை இயற்கையின் சீற்றம் என்று கூறி அமைதியடைதல் எளிது. ஆயினும் அது முழு உண்மையாகாது. அவ்விடம் குடியிருப்புக்கு ஏற்றதன்று என்றும், மக்களை அங்கிருந்து அகற்ற வேண்டும் என்றும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. எச்சரிக்கை கோப்பில் இருந்தது. மக்கள் லயத்தில் இருந்தனர். சொந்தமாக ஒரு பேர்ச் காணியும் இல்லாத தொழிலாளி, தோட்டம் தந்த காம்பராவை விட்டு எங்கே செல்வான்? சரிவுக்குப் பின்னர் உயிர் பிழைத்தோர் தேயிலைத் தொழிற்சாலை ஒன்றில் நெடுநாள் தங்கியிருந்து, 2016இலேதான் பூனாகலையிற் கட்டப்பட்ட புதிய வீடுகளுக்குச் சென்றனர். முன்னரே கொடுத்திருக்கக்கூடிய நிலந்தான் அது என்று எண்ணும்போது நெஞ்சு பொறுப்பதில்லை.

மலை சரிவது எவ்வாறு? முற்காலத்தில் உச்சியிலிருந்து உருண்டிறங்கிய கல்லும் மண்ணும் மலையடிவாரத்திற் படிந்து, இறுகாத படுகையாகக் கிடக்கின்றன. மழைநீர் அதனுள் இறங்கி நிறையும்போது மண் துகள்களுக்கிடையே நீரின் அழுத்தம் ஏறுகிறது. ஒன்றையொன்று பற்றியிருந்த பிடி தளர்கிறது. பின் படுகை முழுவதும் கூழாகி ஓடுகிறது. தோட்டங்களிற் கான் வெட்டும் வழக்கம் வெறும் பழக்கமன்று. நீரை மண்ணுள் இறங்கவிடாது வழிநடத்தும் கலை அது. கான் தூர்ந்துபோனால் நீர் நேரே மலையின் வயிற்றுக்குள் செல்லும். ஆட்குறைப்புச் செய்யும் தோட்டங்களில் முதலிற் கைவிடப்படும் வேலைகளுள் கான் வெட்டும் ஒன்று என்பது என் கணிப்பு.

ஊவாவின் காடுகள் பத்தொன்பதாம் நூற்றாண்டிற் கோப்பிக்காக அழிக்கப்பட்டன. 1869இல் இலைநோய் தோன்றிக் கோப்பி அழிந்தபின், அதே சரிவுகளில் தேயிலை ஏறியது. தாவரவியலறிஞர் ஹூக்கர் 1873இல் விடுத்த வேண்டுகோளையொட்டி, 5000 அடிக்கு மேலுள்ள காட்டு நிலங்களை விற்பதை அரசு நிறுத்தியது. அந்த எல்லைக்குக் கீழே வாழ்வோருக்கு அதனால் விளைந்த காப்பு சொற்பமே.

சட்டங்களுக்கு நம் நாட்டிற் குறைவில்லை. மண்வளப் பாதுகாப்புச் சட்டம் 1951இலும், தேசிய சுற்றாடற் சட்டம் 1980இலும் வந்தன. மண்சரிவு அபாய வரைபடம் தயாரிக்கும் பணி 1990இல் தொடங்கியதே பதுளை, நுவரெலியா மாவட்டங்களிலேதான். பாடசாலைகளில் சுற்றாடல் முன்னோடிகள் என்னும் மாணவர் படையும் உண்டு. சுற்றாடல் தினத்தன்று அவர்கள் மரக்கன்று நடுவர்; அதிபர் உரையாற்றுவார்; நிழற்படமும் எடுக்கப்படும். கன்றுக்கு மறுநாள் நீர் ஊற்றியவர் யார் என்று நாம் கேட்பதில்லை. மரம் நடுதல் நன்றே. ஆனால் தன் லயத்துக்கு மேலுள்ள சரிவு அபாய வரைபடத்தில் எந்நிறத்தில் உள்ளது என்பதை அறியாத மாணவனுக்கு நாம் எந்தச் சுற்றாடற் கல்வியைப் புகட்டினோம்?

2025 நவம்பரில் டிட்வா சூறாவளி கொணர்ந்த மழையில், பதுளை, கண்டி, நுவரெலியா மாவட்டங்களின் மலைகள் பல இடங்களிற் சரிந்தன. நாடெங்கும் நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். ஆகவே இது பழங்கதையன்று.

மாணவர்கள் செய்யத்தக்க காரியம் ஒன்றுண்டு. அடியும் வாயும் ஒரே அகலமுள்ள பாத்திரம் ஒன்றைத் திறந்த வெளியில் வைத்து, நாள்தோறும் காலையில் ஒரே நேரத்தில் நீரின் உயரத்தை அடிமட்டத்தால் அளந்து குறிக்க வேண்டும். 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் பெய்தால் விழிப்பாக இருத்தல் வேண்டும். 100 ஆனால் ஆயத்தமாதல் வேண்டும். 150 ஆனாலோ, ஒரு மணி நேரத்திலேயே 75 ஆனாலோ, வீட்டை விட்டு வெளியேற வேண்டும். நிலத்திற் புதுவெடிப்பு, மரமும் கம்பமும் சாய்தல், ஊற்றுநீர் திடீரெனக் கலங்குதல் அல்லது வற்றுதல் ஆகியவற்றைக் கண்டால், மழைக்கணக்கைப் பாராது உடனே அகலுதல் வேண்டும். அடைமழை நாட்களில் இரவிலும் அளக்க வேண்டியிருக்கும். அதற்கு லயத்தவர்கள் வீட்டுக்கு ஒருவராக முறை வைத்துக்கொள்ளலாம். எந்தப் பாதையால் வெளியேறுவது, முதியோரைத் தூக்கிச் செல்வது யார் என்பதையும் வெயில் நாளிலேயே பேசி முடித்துவிடலாம்.