அளக்கும் திசை மாறினால் நிகழ்தகவும் மாறும்: குவாண்டம் தகவல்தொடர்பில் ஒட்டுக்கேட்பவர் சிக்குவது எப்படி?

ஐதராபாத்: பாதுகாப்பு ஆராய்ச்சி மற்றும் மேம்பாட்டு அமைப்பின் (டிஆர்டிஓ) ஐதராபாத் ஆய்வகங்களான டிஆர்டிஎல், ஆர்சிஐ ஆகியவற்றுக்கு இடையே 2020 டிசம்பரில் குவாண்டம் தகவல்தொடர்பு நிகழ்த்திக் காட்டப்பட்டது. 12 கிலோமீட்டருக்கும் அதிகமான ஒளியிழை வழியே நடைபெற்ற இச்சோதனையில், இடையில் ஒருவர் ஒட்டுக்கேட்க முயன்றால் கண்டறிய முடியும் என்பதும் சரிபார்க்கப்பட்டது.

இன்றைய இணையப் பாதுகாப்பு பெரும்பாலும் விடுவிக்கக் கடினமான கணக்குகளை நம்பியுள்ளது. குவாண்டம் முறையோ இயற்கையின் விதி ஒன்றைச் சார்ந்துள்ளது.

நிகழ்தகவு எதைப் பொறுத்தது?

ஃபோட்டான் எனப்படும் ஒளித்துகள் ஒன்று செங்குத்தாக அதிர்வதாகக் கொள்வோம். 'செங்குத்தா, கிடைமட்டமா?' எனப் பிரித்தறியும் கருவியில் அதைச் செலுத்தினால், 'செங்குத்து' என்ற விடையே உறுதியாகக் கிடைக்கும். கருவியை 30 பாகை சாய்த்தால், அதே பக்கத்தில் துகள் வெளிப்படும் நிகழ்தகவு 75 சதவீதமாகக் குறையும். 45 பாகை சாய்த்தால் 50 சதவீதமே; நாணயத்தைச் சுண்டுவதற்கு ஒப்பானது.

அனுப்பப்பட்ட துகள் ஒன்றே; அளக்கத் தேர்ந்த திசைதான் வேறு. மேலும், அளந்தபின் துகள் புதிய திசையை ஏற்றுவிடுகிறது. அதன் பழைய நிலையை மீட்க இயலாது. இந்நிகழ்தகவு விதியை மாக்ஸ் போர்ன் 1926-இல் முன்வைத்தார்.

சாவி பரிமாற்றம்

இவ்விதியைக் கொண்டு ரகசியச் சாவியைப் பகிரும் முறையைச் சார்லஸ் பென்னட், ஜில் பிராசார்ட் ஆகியோர் 1984-இல் பெங்களூரு மாநாட்டில் அறிவித்தனர்.

அனுப்புபவர் ஒவ்வொரு துகளுக்கும் நேர் திசை, சாய் திசை என்ற இரண்டில் ஒன்றைத் தற்செயலாகத் தேர்கிறார். பெறுபவரும் அவ்வாறே அளக்கிறார். பின்னர் தேர்ந்த திசைகளை மட்டும் ஒப்பிட்டு, பொருந்தியவற்றை வைத்துக்கொள்கின்றனர்.

இடையில் அளந்து மீண்டும் அனுப்புபவரின் தேர்வு பாதி முறை தவறும். அவற்றில் பாதி, பெறுபவரிடம் பிழையாக வெளிப்படும். அதாவது 100-க்குச் சுமார் 25 பிழைகள். சாவியின் ஒரு பகுதியை ஒப்பிட்டாலே குட்டு வெளிப்பட்டுவிடும்.

ஐதராபாத் சோதனையில் அதிர்வுத் திசைக்குப் பதிலாக, ஒளித்துகள் வந்துசேரும் காலக்கூறுகளில் தகவல் பதிக்கப்பட்டது. அடிப்படை ஒன்றே: தவறான அளவீடு தடயம் விட்டுச்செல்லும்.

எஞ்சியுள்ள தடை

அந்தச் சோதனையின் ஒளியிழையில் இழப்பு 10 டெசிபெல்; பத்துத் துகள்களில் ஏறத்தாழ ஒன்றே மறுமுனையை அடையும் அளவு அது. தொலைவு கூடக்கூட இழப்பும் பெருகும். சாதாரணத் தொலைத்தொடர்பைப் போல வழியில் ஒளியைப் பெருக்கி அனுப்பவும் இயலாது. ஒட்டுக்கேட்பவரைக் காட்டிக்கொடுக்கும் அதே இயற்கை, துகளின் நிலையைப் பிழையின்றி நகலெடுக்கவும் இடம் தருவதில்லை.

2023 ஏப்ரலில் ரூ.6,003.65 கோடியில் ஒப்புதல் பெற்ற தேசிய குவாண்டம் இயக்கம், நகரங்களுக்கு இடையே 2,000 கிலோமீட்டர் தொலைவுக்குச் சாவிப் பரிமாற்றத்தை இலக்காகக் கொண்டுள்ளது. இத்தடையைக் கடப்பதே அதன் முன் உள்ள முக்கியச் சவால்.